'அப்சொலூட்' என்னும் சொல்லும் அதன் சுற்றமும்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் வழக்குக் கேள்விகளுள் 'அப்சொலூட்' என்ற சொல்லைச் சுற்றியவை மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

சேர், பௌதிகவியலில் இச்சொல்லுக்குத் 'தனி' என்றும், வரலாற்றில் 'வரம்பற்ற' என்றும் பொருள் தருகிறார்கள். ஒரே சொல்லுக்கு ஏன் இந்த வேறுபாடு? (உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி)

மகள், அடிப்படைப் பொருள் ஒன்றுதான். கட்டவிழ்த்து விடுவதைக் குறிக்கும் 'அப்சொல்வெரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து இச்சொல் பிறந்தது. ஆகவே எதனோடும் பிணைக்கப்படாமல், எதையும் சாராமல் நிற்பதே அப்சொலூட். செல்சியஸ் அளவுத்திட்டத்தின் பூச்சியம் நீர் உறையும் நிலையைச் சார்ந்து வைக்கப்பட்ட ஒரு புள்ளி, மறை 273.15 பாகையில் அமையும் தனிப்பூச்சியமோ எந்தப் பொருளின் இயல்பையும் சாராதது, அதற்குக் கீழே வெப்பநிலை என்பதே கிடையாது. 1643 முதல் 1715 வரை பிரான்சின் அரசராக இருந்த பதினான்காம் லூயியை அப்சொலூட் மொனார்க் என்று அழைப்பதும் இதே கருத்தில்தான்: அவரது காலம் முழுவதிலும் அந்நாட்டின் எஸ்டேட்ஸ் ஜெனரல் என்னும் பொதுச்சபை ஒரு தடவையேனும் கூடவில்லை. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தில் பெறும் பாவமன்னிப்பை ஆங்கிலத்தில் 'அப்சொலூஷன்' என்பதும் இதே வேரிலிருந்து வந்ததே. அங்கே அவிழ்வது பாவக்கட்டு.

அலுவலகக் கடிதமொன்றில் 'வெரி யூனிக்' என்று எழுதினேன். மேலதிகாரி 'வெரி'யை வெட்டிவிட்டார். அது பிழையா? (வங்கி ஊழியர், கல்முனை)

அலுவலகக் கடிதத்தைப் பொறுத்தவரை அவர் வெட்டியது சரி. 'யூனிக்' என்றால் தன்னைப் போல் இன்னொன்று இல்லாதது. ஒரு பொருளுக்கு இணை உண்டு அல்லது இல்லை, 'மிகவும் இணையில்லை' என்ற நிலை கிடையாது. 'டெட்', 'இன்ஃபினிட்', 'ஃபைனல்' ஆகியனவும் இவ்வாறு படிநிலை இல்லாத பெயரடைகள். ஐயம் வந்தால் அச்சொல்லின் முன் 'எவ்வளவு?' என்று கேட்டுப் பாருங்கள்: எவ்வளவு களைப்பு என்று கேட்கலாம், எவ்வளவு இறந்துவிட்டார் என்று கேட்க முடியாது. ஆனால் எல்லையை நெருங்குவதைச் சொல்லும் 'ஆல்மோஸ்ட்', 'நியர்லி' ஆகியவை இவற்றோடு தடையின்றிச் சேரும். 'ஆல்மோஸ்ட் யூனிக்' என்று எழுதினால் எவரும் வெட்டமாட்டார்.

இதற்காக இலக்கணக் காவலர்கள் போடும் சத்தம் சற்று அதிகம் என்பதே என் கருத்து. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையிலேயே 'மோர் பெர்ஃபெக்ட் யூனியன்' என்ற தொடர் இருக்கிறது. பெர்ஃபெக்ட் என்பதற்கு மேலே ஒரு படியை அதை எழுதியவர்கள் தயங்காமல் வைத்தார்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் வேறு. 'டயர்ட்' என்பதோடு 'வெரி' சேரும். உச்சநிலையைத் தன்னுள்ளேயே கொண்ட 'எக்ஸோஸ்டட்' என்பதோடு 'அப்சொலூட்லி'தான் சேரும். அவ்வாறே 'வெரி கோல்ட்', ஆனால் 'அப்சொலூட்லி ஃப்ரீசிங்'. தமிழில் 'மிக' எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்வதால் 'வெரி'யையும் நாம் அப்படியே ஒட்டிவிடுகிறோம்.

மாணவருக்கு நற்சான்றிதழ் எழுதும்போது 'குவைட் குட்' என்பது பாராட்டாகுமா? (ஆசிரியை, ஆரையம்பதி)

எழுதாதிருப்பது நல்லது. பிரித்தானிய வழக்கில் அது பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற அளவிலேயே ஒலிக்கும். அமெரிக்கரோ நல்ல பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். ஆனால் படிநிலை இல்லாத சொல்லின் முன் வரும்போது 'குவைட்' முழுமையைக் குறிக்கும்: 'குவைட் இம்பொசிபிள்' என்றால் அறவே இயலாதது.

'அப்சொலூட் மெஜோரிட்டி' என்பது மூன்றிலிரண்டா? (அக்கரைப்பற்று)

இல்லை. பாதிக்கு மேல் இருந்தால் போதும். நம் பத்திரிகைகள் அதை அறுதிப் பெரும்பான்மை என்று எழுதுகின்றன. 225 ஆசனங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் அது 113. மூன்றிலிரண்டு என்பது 150. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் எவரும் பாதியைத் தாண்டாததால்தான் விருப்பு வாக்குகளை எண்ண நேர்ந்தது, அதுவும் நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக.

விவாகரத்துப் பத்திரத்தில் 'டிக்ரி அப்சொலூட்' என்று உள்ளதே? (ஏறாவூர்)

மாவட்ட நீதிமன்றம் முதலில் 'டிக்ரி நைசை' வழங்கும். 'நைசை' என்றால் 'இல்லாவிடில்', அதாவது தக்க காரணம் காட்டித் தடுக்கப்படாவிடில் என்று பொருள். குறைந்தது மூன்று மாதங்கள் கழிந்தபின் அந்த நிபந்தனை நீங்கி ஆணை அப்சொலூட் ஆகும். இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் இதை 'ஃபைனல் ஓடர்' என்று எளிதாக்கிவிட்டார்கள். முஸ்லிம்களின் விவாகரத்தை விசாரிக்கும் காதி நீதிமன்ற வழக்குகளுக்கு இச்சொற்கள் பொருந்தா.

நேர்முகத் தேர்வில், இரவு வேலைக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். 'முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது' என்ற கருத்தில் 'அப்சொலூட்லி நொட்' என்றேன். அவர்களின் முகம் மாறிவிட்டது. (வாழைச்சேனை)

மாறாமல் என்ன செய்யும்? நீங்கள் சொன்னது 'ஒருபோதும் முடியாது' என்பதாகும். நீங்கள் நினைத்ததற்கு 'நொட்' முன்னே வர வேண்டும்: 'நொட் அப்சொலூட்லி' என்றால் முழுமையை மட்டும் மறுக்கிறீர்கள், 'அப்சொலூட்லி நொட்' என்றால் மறுப்பையே முழுமையாக்குகிறீர்கள். இத்தகைய இடங்களில் 'நொட் என்டயர்லி' என்பதே இயல்பாகக் கேட்கும். சம்மதமாக இருந்திருந்தால் 'அப்சொலூட்லி' என்ற ஒரு சொல்லே போதும். அது 'கட்டாயம்' என்பதற்கு ஈடு.

'அட்டர் சக்ஸஸ்' என்று சொல்லலாமா? (கல்லாறு)

வேண்டாம். 'அட்டர்' என்பதும் முழுமையையே குறிக்கும், ஆனால் பெரும்பாலும் கெட்டதோடுதான் கூட்டுச் சேரும்: தோல்வி, குழப்பம், முட்டாள்தனம். வெற்றிக்குக் 'கம்ப்ளீட்' அல்லது 'டோட்டல்' போடுங்கள்.