ஒரு கதவு மட்டும் பூட்ட மாட்டேன் என்கிறது!

கேள்வி: போன மாதம் 2012 மாடல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ரிமோட்டை அழுத்தினால் இடது பின்கதவு மட்டும் அசைவதில்லை. சில நாள் எல்லாக் கதவும் பூட்டிய மறுநொடியே திறந்துகொள்கின்றன. சென்ட்ரல் லாக் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அவசரப்படாதீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரிகிறது. பின்கதவில் காதை வைத்துக்கொண்டு வீட்டில் யாரையாவது ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். 'டக்' என்று கேட்டால் கதவைப் பூட்டும் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது; அதைப் பூட்டோடு இணைக்கும் கம்பியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் கழன்றிருக்கலாம். சத்தமே இல்லையா? கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயை விலக்கிப் பாருங்கள். வருஷக்கணக்கில் மடங்கி மடங்கி உள்ளே ஒயர் அறுந்திருக்கும். என் பட்டறையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஒயர் சரியென்றால் மோட்டாரை மாற்றுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும், ஆனால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருந்தால் மறுபடி இதே கதைதான்.

பூட்டியதும் திறந்துகொள்வதற்கு, டிரைவர் கதவில் இருக்கும் சின்ன சுவிட்சைச் சந்தேகப்படுவேன். பூட்டியாச்சு என்று மற்ற கதவுகளுக்குச் சொல்ல வேண்டியது அதுதான். பல வண்டிகளில் இந்த சுவிட்ச் டிரைவர் கதவு மோட்டாரோடு சேர்ந்தே இருப்பதால் அதற்கு 5 ஒயர், மற்ற கதவு மோட்டார்களுக்கு 2. வாங்கும்போது எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிப் பிசினாகிவிடும். கிராஃபைட் தூள் போதும்.