பனிக்காலத்தில் கொய்யா கொடுக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். மார்கழி வந்தாலே ஆறு வயது மகனுக்குச் சளி. கொய்யா, ஆரஞ்சு எல்லாம் குளிர்ச்சி, கொடுக்காதே என்கிறார் மாமியார். ஆப்பிள் மட்டும் வாங்குகிறோம். சரிதானா?

பதில்: கொய்யாவைத் தாராளமாகக் கொடுங்கள். சளி வைரஸால் வருவது, பழத்தால் அல்ல. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் தராமல் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் கொடுங்கள், மாமியாருக்கும் மனக்குறை இருக்காது. 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி சுமார் 200 மில்லிகிராம். ஆரஞ்சில் 50 பக்கம். ஆப்பிளில் பத்தைத் தாண்டாது. ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிளுக்கு அழுகிற காசில் வீட்டுக்கே கொய்யா வாங்கலாம். அதற்காகச் சளியே வராது என்று எண்ண வேண்டாம்.

காய்களில் அவரை, மொச்சை, முள்ளங்கி, சர்க்கரைவள்ளி எல்லாம் இப்போது மலிவு. வாங்குங்கள்.

ஆனால் உரித்துப் பாக்கெட் போட்ட பச்சைப் பட்டாணியைத் தொடாதீர்கள். காய்ந்த பட்டாணியை ஊறவைத்து, மாலகைட் கிரீன் சாயம் ஏற்றிப் புதுசு என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது துணிக்குப் போடுகிற சாயம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் பச்சையானால் மொத்தமும் குப்பைக்கு. இந்தச் சோதனையை அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லித் தருகிறது. சொல்லித் தருவதோடு சரி. பண்டிகைக்கு முன்னால் ஒரு ரெய்டு, பேப்பரில் ஒரு போட்டோ, அப்புறம் அடுத்த பண்டிகைதான். கடைக்காரரைக் கேட்டால் கோயம்பேட்டில் இப்படித்தான் வந்தது என்பார். அங்கே கேட்டால் ஏஜென்டைக் கைகாட்டுவார்கள். தோலோடு வாங்கி வீட்டில் உட்கார்ந்து உரியுங்கள், வம்பே இல்லை.

பள்ளி வாசலில் நறுக்கி விற்கும் பழமும் வேண்டாம். கத்தி கழுவுகிற தண்ணீர் எங்கிருந்து வந்ததோ!

ஒருவருக்கு மட்டும் நான் சொன்னது பொருந்தாது. வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால், அதிலும் டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால், கொய்யா, ஆரஞ்சு, சர்க்கரைவள்ளி மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கொஞ்சம்தான் கூட என்றாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். 'ஒரு துண்டுதானே' என்று கொடுக்கிற பாசம்தான் பல வீடுகளில் ஆபத்து. அவர்களுக்குக் காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும்.

பையனுக்கு நாளுக்கு ஒரு கொய்யா போதும். சளியோடு மூச்சிரைப்பும் வந்தால் பழ விவாதத்தை நிறுத்திவிட்டுக் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.