பிரசவத்துக்குப் பின் இடுப்பு மூட்டு வலி: அசையாமல் கிடந்தால் ஆறுமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் கிராமம். வயது 29. இரண்டாவது குழந்தை, சுகப்பிரசவம், நான்கு மாதம் ஆகிறது. இடுப்புக்குப் பின்னால் வலப்பக்கமும், அடிவயிற்றுக்குக் கீழே முன்னெலும்பிலும் வலி. படுக்கையில் புரண்டாலும், படி ஏறினாலும், ஒற்றைக் காலில் நின்று உடுத்தினாலும் சுள்ளென்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ‘பச்சை உடம்பு, அசையாதே’ என்று ஆயா வயிற்றில் துணி கட்டிவிடுகிறார். பிசியோதெரபிக்குப் போனால் மூட்டு இன்னும் விலகிவிடுமோ? மூத்தவனைத் தூக்கலாமா?

பதில்: விலகாது. உங்களுக்கு முதலில் வேண்டிய வைத்தியமே பிசியோதெரபிதான்.

நீங்கள் சொன்ன மூன்று வேலையிலும் பாரம் ஒரு பக்கமாக இறங்குகிறது. முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பு, இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்திருக்கிறது. அதன் இருபுறமும் சாக்ரோஇலியாக் மூட்டுகள். முன்னால் இடுப்பெலும்புகள் சந்திக்கும் இணைப்பு. கர்ப்பத்தில் ரிலாக்ஸின் முதலிய ஹார்மோன்களால் இங்குள்ள தசைநார்கள் தளர்கின்றன. பிரசவத்துக்குப் பின் அவை மெல்ல இறுகும். ஆனால் வயிறு, பிட்டம், இடுப்பின் அடித்தளத் தசைகள் பலவீனமாகவே இருந்தால் மூட்டைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. எக்ஸ்ரேயில் தெரியாததும் இதனால்தான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் வலது காலை ஒரு சாண் உயரம் தூக்குங்கள். கனமாக இருக்கிறதா? இப்போது ஆயாவை இரண்டு கையாலும் உங்கள் இடுப்பின் இருபக்கமும் உள்நோக்கி அழுத்தச் சொல்லிவிட்டு மறுபடி தூக்குங்கள். லேசாக வந்தால் இடுப்பெலும்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டும் தசைப் பயிற்சியும் உங்களுக்குக் கேட்கும் என்று நம்பலாம்.

பயிற்சி இப்படித் தொடங்கும். முழங்கால் மடக்கிப் படுத்து, மூச்சை விட்டபடியே தொப்புளுக்குக் கீழே வயிற்றை மெதுவாக உள்ளிழுக்க வேண்டும். கூடவே சிறுநீரை அடக்குவதுபோல் கீழ்த்தசையைச் சுருக்கிப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. இது கைவந்த பிறகு முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து அழுத்துவது, இரண்டு காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது என்று பிசியோதெரபிஸ்ட் படிப்படியாகக் கூட்டுவார். அவசரம் வேண்டாம். நார்வேயில் 81 பெண்களை வைத்துச் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி அமைத்த இந்த வகைப் பயிற்சியை 20 வாரம் செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. இரண்டு வருடம் கழித்தும் பலன் நின்றது. பத்து நாள் கரண்ட் வைத்து, ஒத்தடம் கொடுத்து அனுப்பிவிடும் இடமாக இருந்தால் என்னைக் கேட்டால் பணம் தண்டம். அதெல்லாம் அன்றைக்கு வலியைத் தணிக்கும், தசைக்குப் பலம் தராது.

ஆயாவின் துணிக்கட்டில் பாதி நியாயம் இருக்கிறது. கட்டும் இடம்தான் தவறு. வயிற்றை இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி அடித்தளத் தசையைத் தள்ளும். பெல்ட் பாவாடை நாடாவுக்கும் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றி வர வேண்டும். நடக்கும்போதும் வேலையின்போதும் போடுங்கள், படுக்கும்போது கழற்றிவிடுங்கள். வெந்நீர்க் குளியலும் இதமான எண்ணெய் நீவலும் தொடரட்டும். சுளுக்கு எடுக்கிறேன் என்று காலைப் பிடித்து வெட்டி இழுப்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

நம் ஊர் வீடுகளில் உயரமான நிலைப்படிகளைத் தாண்டுவதும் ஒற்றைக் கால் வேலைதான். நிலையைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பாமல் நேராகக் கடந்து வாருங்கள். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். புரளும்போது இரண்டு முழங்காலையும் சேர்த்தே திருப்புங்கள். சம்மணம், குந்தி உட்காரும் கக்கூஸ், தரையில் கால் நீட்டிக் குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் சில வாரம் வேண்டாம். குளிப்பாட்டும் வேலையை ஆயாவிடமே விடுங்கள், அவர் சந்தோஷப்படுவார். பால் கொடுக்க முதுகு சாயும் நாற்காலி நல்லது.

வலி அதிகமானால் பாரசிட்டமால் போடலாம், தாய்ப்பாலுக்குத் தடையில்லை. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு டாக்டர் சொல்லும் அளவில் ஐபுபுரோஃபெனும் தரலாம்.

காய்ச்சல், கால் ஊன்றவே முடியாத வலி, ஒரு கால் மட்டும் வீங்குதல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க முடியாமை இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் விறைப்பு இருந்து, நடமாடினால் குறைந்தால் அது வேறு வகை மூட்டுநோயாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

மூத்தவனை இப்போதைக்குத் தூக்க வேண்டாம். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அவனையே ஏறி மடிக்கு வரச் சொல்லுங்கள். ஒற்றைக் காலில் வலியின்றி நிற்க முடிகிறபோது தூக்கலாம், அப்போதும் இடுப்பில் ஒருபக்கம் இடுக்காமல் நெஞ்சோடு அணைத்து.