டார்ச் பற்றினால் கம்ப்யூட்டர் நிற்கிறதே!

கேள்வி: நானே செய்த சிஎன்சி பிளாஸ்மா மெஷினில் (கம்ப்யூட்டர் சொல்படி தகடு வெட்டுவது) டார்ச், அதாவது வெட்டும் முனை, பற்றியதும் யுஎஸ்பி தொடர்பு அறுந்து, தகடு பாதி வெட்டோடு நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?
- படகுப் பட்டறைக்காரர், மண்டபம்

பதில்: உங்களுடையது ஹெச்எஃப் ஸ்டார்ட் (உயர் அதிர்வெண் பொறியால் பற்றும்) வகையாக இருக்கும்; ஆர்க்கை, அதாவது தகட்டை வெட்டும் மின்சுடரை, பற்றவைக்க அது விடும் ஆயிரக்கணக்கான வோல்ட் பொறி பக்கத்து ஒயர்களில் எல்லாம் ஏறிக்கொள்ளும். டார்ச் கேபிளையும் லிமிட் சுவிட்ச் (டார்ச் எல்லை தாண்டாமல் நிறுத்துவது) ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் (எல்லோரும் செய்கிற தப்புதான்) முதலில் பிரித்துத் தள்ளிப் போடுங்கள். சிக்னலுக்கு ஷீல்டு ஒயர் (உலோக உறை சுற்றியது), அந்த ஷீல்டுக்கு கன்ட்ரோலர் (மெஷினை ஓட்டும் போர்டு) பக்கம் மட்டும் எர்த். யுஎஸ்பி ஒயர் குட்டையாக, ஃபெரைட் (மின் இரைச்சலை அடக்கும் வளையம்) மாட்டி இருக்கட்டும். அப்புறம் எர்த் கிளாம்ப்: உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும், சுரண்டிவிட்டு வெட்டும் தகட்டிலேயே மாட்டுங்கள். நம்ம மணல் மேலே காய்ந்தே கிடக்கும், அதனால் எர்த் ராடு ஈரம் தட்டும்வரை இறங்க வேண்டும். இவ்வளவுக்கும் அடங்கவில்லையா, ஹெச்எஃப் இல்லாத புளோபேக் ஸ்டார்ட் (காற்றழுத்தம் டார்ச்சின் உள்பாகங்களைப் பிரிக்கும்போது ஆர்க் பற்றும்) மெஷினுக்கு மாறுவதுதான் வழி, செலவு வலிக்கும்.