பன்னெண்டு கோத்திரமும் பண்டிகையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏனுங்க ஐயா, எங்க ஜெபக்குழு வாட்ஸ்அப்புல ஒரு சார்ட் சுத்திட்டிருக்குது. பஸ்கான்னா யூதா, பெந்தெகொஸ்தேன்னா செபுலோன், கூடாரப் பண்டிகைன்னா எப்பிராயீம்னு, இஸ்ரவேலோட பன்னெண்டு கோத்திரத்துல (யாக்கோபு வம்சத்துல வந்த குலங்க) ஒவ்வொண்ணுக்கும் ஒரு பண்டிகையா போட்டிருக்காங்க. இது பைபிள்ல இருக்குதுங்களா?
(வாசகி, காங்கேயம்)

பதில்: இல்லீங்கம்மா. லேவியராகமம் 23ல பண்டிகை எல்லாம் இருக்குது, பெரும்பாலானதுக்கு தேதியும் இருக்குது, முதல் மாசம் 14 பஸ்கா, 15ல இருந்து ஏழு நாள் புளிப்பில்லா அப்பம், ஏழாம் மாசம் 1 எக்காளம், 10 பாவநிவாரண நாள், 15 கூடாரப் பண்டிகைன்னு வரிசையா வரும், ஆனா அந்த அதிகாரத்துல ஒரு கோத்திரத்து பேர் கூட கெடையாது.

அந்த சார்ட் எப்படி வந்திருக்கும்னு கேட்டா, எண்ணாகமம் 2 பாருங்க. வனாந்தரத்துல இஸ்ரவேலர் பாளயம் எறங்கறப்ப கிழக்கே யூதா, இசக்கார், செபுலோன், தெற்கே ரூபன், சிமியோன், காத், மேற்கே எப்பிராயீம், மனாசே, பென்யமீன், வடக்கே தாண், ஆசேர், நப்தலி. பிற்காலத்து யூத ஞானிங்க இந்த வரிசைய முதல் மாசமான நிசான்ல ஆரம்பிச்சு 12 மாசத்துக்கும் பொருத்திப் பார்த்தாங்க, அதனால முதல் மாசம் யூதா, பெந்தெகொஸ்தே வர்ற மூணாம் மாசம் செபுலோன், ஏழாம் மாசம் எப்பிராயீம். மாசத்துக்கு சொன்னத அப்படியே பண்டிகைக்குனு மாத்திட்டாங்க போல. மாத்தினா நிக்காதுங்க. எக்காளம், பாவநிவாரணம், கூடாரம் மூணுமே ஏழாம் மாசத்துல வருது, மூணும் எப்பிராயீமுக்கேவா? பூரீம் (எஸ்தர் காலத்துல யூதர் தப்பிச்சத கொண்டாடற பண்டிகை) வர்ற ஆதார், அதாவது 12ஆம் மாசம், அந்தக் கணக்குப்படி நப்தலிக்கு, ஆனா எஸ்தர் 2:5ல அந்தக் கதையோட நாயகன் மொர்தெகாய் பென்யமீன் கோத்திரத்தான்னு தெளிவா இருக்குது. 14ஆம் நூற்றாண்டுல யாக்கோபு பென் ஆசேர்னு ஒரு பெரிய யூத போதகர், அவரு கூட கோத்திரத்த அமாவாசை கழிஞ்சு வர்ற மாசப்பிறப்புக்குத்தான் சேர்த்தாரு. மூணு பெரிய பண்டிகைய ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்கு குடுத்தாரு, யாக்கோபு ஆடுமாட்டுக்கு கொட்டாய் போட்டாரே ஆதியாகமம் 33ல, அத வெச்சு கூடாரப் பண்டிகை யாக்கோபுக்கு. அது எனக்கு ரொம்ப அழகா படுது.

நம்ம பக்கம் கூட்டத்துக்கு கூட்டம், அதாவது குலத்துக்கு குலம், காணியூர் (பூர்வீக ஊர்), தனித்தனி குலதெய்வக் கோயில் இருக்கறதால, கோத்திரத்துக்கு ஒரு பண்டிகைன்னு சொன்னதும் நமக்கு சட்டுனு சரின்னு தோணுது. ஆனா உபாகமம் 16:16 சொல்றது வருஷத்துக்கு மூணு தரம் ஆம்பளைங்க எல்லாரும் ஒரே எடத்துக்கு வாங்கன்னு. இதத்தான் நான் அழுத்திச் சொல்ல ஆசப்படறேன், பைபிள்ல கோத்திரமும் பண்டிகையும் சந்திக்கற எடத்துல பெரும்பாலும் எல்லாரையும் சேர்த்துத்தான் வருது.

எசேக்கியா ராஜா காலத்துல பாருங்க (2 நாளாகமம் 30). ராஜ்யம் ரெண்டா உடைஞ்சு எத்தனையோ காலம் ஆச்சு, வடக்க அசீரியா சூறையாடிட்டான், அப்பவும் இவரு யூதாவுல இருந்துட்டு எப்பிராயீம், மனாசேக்கு ஆள் அனுப்பி பஸ்காவுக்கு வாங்கன்னு கூப்பிடறாரு. செபுலோன் வரைக்கும் போன அஞ்சல்காரங்கள சிரிச்சு கேலி பண்ணி அனுப்பறாங்க. இருந்தும் ஆசேர், மனாசே, செபுலோன்ல இருந்து சில பேரு தாழ்மையா கெளம்பி எருசலேமுக்கு வர்றாங்க. வந்தவங்கள்ல நெறைய பேரு முறைப்படி சுத்திகரிச்சுக்காமயே பஸ்காவ சாப்பிட்டுட்டாங்க, ராஜா அவங்களுக்காக ஜெபம் பண்றாரு, கர்த்தர் கேட்டாருன்னு போட்டிருக்குது. படிக்கறப்ப எல்லாம் எனக்கு கண்ணு கலங்கும்.

எஸ்றா 6 இன்னும் ஆச்சரியம். பாபிலோன் சிறையிருப்புல இருந்து திரும்புனதுன்னு சொன்னா முக்கியமா யூதா, பென்யமீன், லேவிதான். ஆனா கி.மு. 515 வாக்குல ஆலயத்த பிரதிஷ்டை பண்றப்ப, பாவநிவாரணமா 12 வெள்ளாட்டுக்கடா பலி குடுக்கறாங்க, கோத்திரத்துக்கு ஒண்ணு. வராதவங்களுக்கும் சேர்த்துங்க. அடுத்த மாசமே பஸ்கா.

கேள்வி: பாவநிவாரண நாள்ல பிரதான ஆசாரியர் 12 கோத்திரப் பேர் பதிச்ச மார்ப்பதக்கத்தோட மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள (ஆலயத்தோட உள் அறை) போவாருன்னு ஒரு கூட்டத்துல கேட்டேன். சரிங்களா?
(வாசகர், தாராபுரம்)

பதில்: யாத்திராகமம் 28:29ல ஆரோன் பரிசுத்த ஸ்தலத்துக்குள்ள போறப்ப அந்த பேருங்கள நெஞ்சு மேல சுமக்கணும்னு இருக்குது, அது வருஷம் முழுக்க. பாவநிவாரண நாளுக்கு மட்டும் லேவியராகமம் 16:4 வேற உடுப்பு சொல்லுது, சணல்நூல் அங்கி, சல்லடம் (உள்ளாடை), இடைக்கச்சை, பாகை, அவ்வளவுதான். தங்கமும் கல்லும் வெளியிலயே இருக்கும். அப்ப கோத்திரங்கள மறந்துட்டாரான்னு கேக்காதீங்க, 17ஆம் வசனத்துல இஸ்ரவேல் சபையார் எல்லாருக்காகவும்னு இருக்குது பாருங்க.

இன்னொண்ணும் சேர்த்து சொல்லிடறேன், பேரே எழுதாம பன்னெண்டும் வர்றது ஓய்வுநாள்லதான். வாராவாரம் சமுகத்தப்பம் (கர்த்தர் சந்நிதியில வெக்கற அப்பம்) 12, வரிசைக்கு ஆறா ரெண்டு வரிசை (லேவியராகமம் 24). வருஷப் பண்டிகையவே தேடிட்டு இத பல பேரு விட்டுடறாங்க.

கேள்வி: எங்க சண்டே ஸ்கூல்ல சரியா பன்னெண்டு பசங்க. கோத்திரமும் பண்டிகையும் சேர்ந்து வர்ற மாதிரி ஒரு நாடகம் சொல்லுங்க.
(ஆசிரியை, கோபி)

பதில்: யோசுவா 4, 5 போடுங்கம்மா. கோத்திரத்துக்கு ஒரு ஆள் யோர்தான் நடுவுல இருந்து ஆளுக்கொரு கல்ல தோள்மேல சுமந்துட்டு வந்து, யோசுவா அத கில்கால்ல நாட்டறாரு, அது முதல் மாசம் 10ஆம் தேதி, எகிப்துல பஸ்கா ஆட்டுக்குட்டிய பிடிச்சு வெக்கச் சொன்ன அதே தேதி. 14ஆம் தேதி பஸ்கா. பவானி ஆத்துலயே நல்ல கூழாங்கல்லு கெடைக்கும், ஆனா தோள்ல வெக்கற அளவுக்கு கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும், சின்னப் பசங்களுக்கு தெர்மாகோல்ல செஞ்சு குடுங்க. இந்தக் கல்லு எதுக்குன்னு கேக்கற பையன் வசனத்துலயே இருக்கறான், அதுக்கு பதிமூணாவதா ஒரு குழந்தைய பக்கத்து வீட்டுல இருந்தாவது கூட்டிட்டு வாங்க. கடைசி காட்சிக்கு புளிப்பில்லாத ரொட்டியும் சுட்ட கதிரும் வேணும், ரெண்டும் 5:11ல இருக்குது, கதிருக்கு நம்மூரு சோளமே போதும்.