நிலநடுக்கப் படங்கள்: எது நிஜம், எது ரீல்? கேள்வி பதில்

போன வாரம் 'சான் ஆன்ட்ரியாஸ்' (2015) படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, சும்மா இருக்காமல் "அதில் பாதி ரீல்" என்று சொல்லிவிட்டேன். எந்தப் பாதி என்று கேள்விகள் குவிந்துவிட்டன. கட்டடம் அதிர்வைத் தாங்குமா என்று கணக்குப் போடுவது என் தொழில். நாலு வருஷம் டோக்கியோவில் இருந்தேன். படம் பார்க்காதவர்களுக்குக் கதை இவ்வளவுதான்: கலிஃபோர்னியாவின் சான் ஆன்ட்ரியாஸ் நிலப்பிளவு நெடுக அடுத்தடுத்து நடுக்கம், நெவாடா பக்கம் ஹூவர் அணை உடைகிறது, சான் ஃபிரான்சிஸ்கோவில் சுனாமி. இதற்கு நடுவே ட்வைன் ஜான்சன் ஹெலிகாப்டரில் போய் மனைவியையும் மகளையும் மீட்கிறார்.

பாப்கார்ன்பாண்டி: படத்தில் ரிக்டர் 9.6 வருகிறதே, அங்கே அவ்வளவு வருமா சார்?

வராது. எவ்வளவு பெரிய பாறைப்பரப்பு ஒரே மூச்சில் நழுவுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நடுக்கத்தின் அளவு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நழுவியது சுமார் 1,300 கி.மீ. நீளம். சான் ஆன்ட்ரியாஸ் பிளவின் மொத்த நீளமும் கிட்டத்தட்ட அதேதான். அப்படியானால் இதுவும் 9க்கு மேல் போகலாமே என்று தோன்றும். வித்தியாசம் அகலத்தில் இருக்கிறது. சுமத்ராவில் பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் சாய்வாகப் போவதால், நழுவிய பரப்பின் அகலம் நூறு கி.மீ.க்கும் மேல். சான் ஆன்ட்ரியாஸ் நெட்டுக்குத்தாக நிற்கிறது. சுமார் 15 கி.மீ. ஆழத்துக்குக் கீழே பாறை சூடேறி இளகிவிடும், அங்கே வெடுக்கென்று உடைய எதுவும் இல்லை. அதனால் எவ்வளவு மோசமாகப் போனாலும் 8.3 வாக்கில்தான் வரும் என்பது அமெரிக்க நிலவியல் துறையின் கணிப்பு. 1906இல் சான் ஃபிரான்சிஸ்கோவை அழித்தது 7.9.

ஒரு எண் கூடினால் சக்தி 32 மடங்கு கூடும். ஆக, 9.6 என்றால் 8.3ஐப் போல ஏறக்குறைய 90 மடங்கு. கருவிகள் பதிவு செய்ததிலேயே பெரியது 1960இல் சிலியில் வந்த 9.5. படக்காரர்கள் அதையும் தாண்டிவிட்டார்கள்! அப்புறம், பெரிய நடுக்கங்களுக்கு ரிக்டர் கணக்கைக் கைவிட்டு வெகு காலம் ஆகிறது. இப்போது இருப்பது வேறு அளவுகோல். செய்தி வாசிப்பவர்கள் மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள்.

சும்மாகேட்டேன்: சாலையில் போகும்போது குறுக்கே தரை பிளந்து பள்ளத்தாக்கு மாதிரிக் கிடக்குமே, அது?

இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி வைத்து, ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளிப் பாருங்கள். கொஞ்ச நேரம் சிக்கி நிற்கும், பிறகு சட்டென்று வழுக்கும். பிளவின் இரு பக்கப் பாறைகளும் இப்படி வழுக்குவதுதான் நிலநடுக்கம். கைகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் உரசல் ஏது, நடுக்கம் ஏது?

1906இல் என்ன ஆனது என்பதற்கு சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பாயின்ட் ரேயஸில் ஒரு மரவேலியே சாட்சி. நேராக ஓடிக்கொண்டிருந்த வேலி பிளவைத் தாண்டும் இடத்தில் அறுந்து, மறுபாதி சுமார் 5 மீட்டர் தள்ளிப் போய் நின்றது. பள்ளம் எதுவும் விழவில்லை. ஆற்றங்கரையிலும் மலைச்சரிவிலும் மண் சரிந்து விரிசல் விடுவது உண்டு, ஆனால் அது மேல்மண் சமாசாரம். அதே ஊரில் ஒரு பசுவைப் பூமி விழுங்கியதாகவும், வால் மட்டும் வெளியே தெரிந்ததாகவும் அப்போது ஒரு கதை பரவியது. செத்த மாட்டைப் புதைக்கச் சோம்பல்பட்ட பண்ணைக்காரர் கிடைத்த விரிசலில் தள்ளிவிட்டார் என்பது பின்னால் வந்த கதை. நான் இரண்டாவதை நம்புகிற கட்சி.

மேட்டூர்க்காரன்: ஹூவர் அணை மாதிரி உடையுமா? எனக்குப் பயமே அதுதான்.

படத்தில் அதை உடைப்பது 7.1 அளவு நடுக்கம். 221 மீட்டர் உயரமும், அடியில் 200 மீட்டர் தடிமனும் கொண்ட கான்கிரீட் அணை அப்படிப் பொலபொலவென்று உதிராது. 1967 டிசம்பரில் மகாராஷ்டிராவின் கொய்னா அணைக்கு மிக அருகிலேயே 6க்கு மேற்பட்ட நடுக்கம் வந்தது. அணையில் விரிசல் விட்டது, ஆனால் நின்றது. பயப்பட வேண்டியது சரியாக இறுகாத பழைய மண் அணைகளுக்கு. 1971இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே அப்படி ஒன்றின் மேற்பகுதி சரிந்து, தண்ணீர் வழிய இன்னும் சில அடிதான் பாக்கி என்ற நிலை. கீழே இருந்த சுமார் 80,000 பேரை வெளியேற்றினார்கள்.

நாகைத்தம்பி: அண்ணே, சான் ஃபிரான்சிஸ்கோவில் அவ்வளவு பெரிய அலை வருமா? எல்லாப் படத்திலும் முதலில் கடல் உள்வாங்குகிறது, 2004இல் அப்படியா நடந்தது?

சுனாமி வேண்டுமென்றால் கடல்தரை மேலோ கீழோ நகர்ந்து தண்ணீரைத் தூக்க வேண்டும். சான் ஆன்ட்ரியாஸ் பக்கவாட்டில் நகர்வது, அதிலும் பெரும்பகுதி நிலத்தில் ஓடுகிறது. 1906இல் அந்த ஊர்த் துறைமுகத்துக் கடல்மட்ட அளவியில் தெரிந்த மாற்றம் சில அங்குலம்தான். அமெரிக்க மேற்குக் கரையில் நிஜமான சுனாமிப் பயம் இன்னும் வடக்கே, கஸ்காடியாவில். 1700 ஜனவரியில் அங்கே 9 வாக்கில் ஒரு நடுக்கம் வந்தது. அதன் அலை ஜப்பான்வரை போய், எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் அங்குள்ள பழைய ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

உன் இரண்டாவது கேள்விதான் முக்கியம் தம்பி. எப்போதும் உள்வாங்காது. சுமத்ராவில் கடல்தரையின் மேற்குப் பக்கம் எழும்பியது, கிழக்குப் பக்கம் இறங்கியது. அதனால் கிழக்கே தாய்லாந்துக்கு முதலில் போனது அலையின் பள்ளம். அங்கே கடல் வற்றியது. மேற்கே இலங்கைக்கும் நம் கரைக்கும் முதலில் வந்தது மேடு. முன்னறிவிப்பே இல்லாமல் தண்ணீர் ஏறியது. இலங்கையில் பல இடங்களில் முதல் அலை வந்து போன பிறகுதான் கடல் வெகுதூரம் பின்வாங்கியது. வேடிக்கை பார்க்க இறங்கியவர்களை அடுத்த அலை கொண்டுபோனது. கடல் உள்வாங்கவில்லையே என்று நம்பிக் கரையில் நிற்கக் கூடாது. ஒரு நிமிஷத்துக்கு மேல் தரை ஆடினால் மேட்டுக்கு ஓடிவிட வேண்டும். நமக்கு அன்று ஆட்டமும் லேசாகத்தான் தெரிந்தது; அலை வர இரண்டரை மணி நேரம் ஆகியும் சொல்ல ஆள் இல்லை.

அடுக்குமாடிவாசி: உயரமான கட்டடங்கள்தான் முதலில் விழுமா?

ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தான் உயரப் போகும். கட்டடமும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆட்ட நேரம் உண்டு. 1985இல் மெக்சிகோ நகரத்துக்கு 350 கி.மீ. தள்ளி 8 அளவில் நடுக்கம் வந்தது. நகரத்தின் பெரும்பகுதி பழைய ஏரிப்படுகை. அந்தச் சேறு சுமார் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆடியது, 6 முதல் 15 மாடிவரை உள்ள கட்டடங்களின் ஆட்டமும் ஏறக்குறைய அதேதான். அவைதான் அதிகம் விழுந்தன. 40 மாடிக்கு மேற்பட்ட லத்தீனோஅமெரிக்கானா கோபுரம் அசையாமல் நின்றது என்று சொல்ல மாட்டேன். நன்றாக ஆடிவிட்டு நின்றது.

படங்களில் எல்லாம் நொறுங்கும். 1964இல் ஜப்பானின் நீகாதாவில் ஈரமணல் குழம்பாகி, குடியிருப்புக் கட்டடங்கள் சுவர்கூட உடையாமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்தன. இதை ஏன் யாரும் படம் எடுப்பதில்லை?

ராத்திரிப்பறவை: படத்தில் ஒரு பேராசிரியர் நிலநடுக்கம் வருவதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுகிறாரே?

கலிஃபோர்னியாவில் பார்க்ஃபீல்டு என்று ஒரு குட்டி ஊர். சுமார் 22 வருஷத்துக்கு ஒருமுறை 6 அளவில் நடுக்கம் வரும். 1993க்குள் அடுத்தது வரும் என்று அறிவித்து, ஊர் முழுக்கக் கருவி நட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 2004இல். அவ்வளவு ஒழுங்கான இடத்திலேயே இந்தக் கதி.

முன்னெச்சரிக்கை வேறு விஷயம். நடுக்கம் தொடங்கிய பிறகு, வேகமாக வரும் முதல் அலையைப் பிடித்து, மெதுவாக வரும் பெரிய அலைக்கு முன் சொல்லிவிடுவது. டோக்கியோவில் ஒரு ராத்திரி பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கைபேசி அலறி 'ஜிஷின் தெஸ்', அதாவது நிலநடுக்கம், என்றது. அடுப்பை அணைக்கக் கை நீட்டினேன், அதற்குள் பால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிடைத்தது நாலைந்து நொடி.

குட்டிவிஞ்ஞானி: '2012' படத்தில் நியூட்ரினோ பூமியின் உள்ளே சூடாக்குகிறதே?

நீங்கள் இதை வாசிக்கும்போதே ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள், அதாவது எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்கள், உங்கள் உடம்புக்குள் புகுந்து போகின்றன. சூடாக இருக்கிறதா?

அக்காமட்டும்: ஒன்றாவது சரியாகக் காட்டினார்களா?

காட்டினார்கள் அக்கா. 'சான் ஆன்ட்ரியாஸ்' பேராசிரியர் மேஜைக்கு அடியில் போகச் சொல்லிக் கத்துகிறார். அது நூற்றுக்கு நூறு சரி. ஆளைக் கொல்வது பெரும்பாலும் மேலே விழுகிற பொருள்தான். நிஜத்தில் இன்னொரு பெரிய ஆபத்து தீ. 1906இல் தண்ணீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் அணைக்க வழியில்லாமல் ஊர் மூன்று நாளுக்கு மேல் எரிந்தது; நடுக்கத்தைவிட நெருப்புதான் அதிகம் அழித்தது. நான் சொன்ன அந்த ராத்திரி, பால் கொட்டியதைத் துடைத்துவிட்டு மறுபடி அடுப்பைத் திருப்பினால் பற்றவில்லை. வாசலுக்கு வெளியே கேஸ் மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. ஆட்டம் அதிகமானால் அது தானாகவே அடைத்துக்கொள்ளும். பொத்தானை அமுக்கி மூன்று நிமிஷம் காத்திருந்தேன். இதைப் படமாக எடுத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

இன்னும் இரண்டு கேள்விகள் காட்ஸில்லாவைப் பற்றி வந்திருக்கின்றன. அது என் துறை இல்லை.