தாலர் தப்பியது, சில்லறை செத்தது

வணக்கம் சார்,
முப்பதாண்டுப் போர் (1618–48) பற்றிய கட்டுரையில், தாலர் என்ற பெரிய வெள்ளி நாணயத்தில் இருந்த வெள்ளி கிட்டத்தட்ட மாறவே இல்லை என்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே 1620 வாக்கில் ஜெர்மன் நாடுகளில் பணம் நாசமாய்ப் போனது என்கிறீர்கள். எதை நம்புவது? போர்ச் செலவுதானே காரணம்?
ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டையும் நம்பலாம். கெட்டுப்போனது சில்லறைதான்.

1566இல், இந்த ஜெர்மன் நாடுகள் அடங்கிய புனித ரோமப் பேரரசின் சட்டம் தாலருக்கு அளவு வைத்தது: எடை சுமார் 29 கிராம், அதில் வெள்ளி 26 கிராம். ஒரு தாலருக்கு 68 குரொய்ட்சர், அதாவது சில்லறைக் காசு. வில்லங்கம் எங்கே என்றால், சட்டம் சொன்ன தரத்தில் சில்லறை அடித்தால் நஷ்டம், ஏனென்றால் ஒரு தாலரை ஒரு தடவை அடித்தால் போதும், அதே மதிப்புக்குச் சில்லறை என்றால் அத்தனை காசையும் தனித்தனியாக வெட்டி, அடிக்க வேண்டும், கூலி எகிறிவிடும். அதனால் சிற்றரசர்கள் சில்லறையில் செம்பைக் கூட்டினார்கள். பார்வைக்கு வெள்ளியாகத் தெரிய, காசை உப்பும், திராட்சை மதுவில் படியும் டார்டார் என்ற புளிப்பு உப்பும் கலந்த நீரில் கொதிக்க வைப்பார்கள். மேல்பரப்புச் செம்பு கரைந்து வெள்ளி மட்டும் நிற்கும். நாலு பேர் கை மாறியதும் உள்ளே இருந்த செம்பு தெரிய, காசில் பதித்த ராஜாவின் மூக்கு முதலில் சிவந்துவிடும்!

அப்புறம் தராசோடு ஆட்கள் ஊர் ஊராகப் போய், கனமான பழைய காசுகளைப் பொறுக்கி வாங்கிக்கொண்டு, புதுக் குப்பையைப் பக்கத்து நாட்டு விவசாயி தலையில் கட்டினார்கள். செம்புக்கு வந்த கிராக்கியில் வீட்டுப் பாத்திரங்கள்கூட உலைக்குப் போயின. பிராகில் 1622இல் லீக்டென்ஸ்டைன், வாலன்ஸ்டைன் போன்ற பெரிய மனிதர்கள் சேர்ந்த ஒரு கூட்டணி, ஒரு மார்க் வெள்ளியில், அதாவது சுமார் கால் கிலோவில், 79 குல்டன் (ஒரு குல்டன் 60 குரொய்ட்சர்) அடிக்க ஒப்பந்தமே போட்டது. எனக்குக் கேட்டால் இது பகல் கொள்ளை. தெற்கே சில நகரங்களில் தாலர் 600 குரொய்ட்சர் வரை போனது. அதே தாலர், அதே வெள்ளிதான். நிலையான சம்பளக்காரர்களான வாத்தியாரும் பாதிரியாரும் நடுத்தெருவுக்கு வந்தார்கள், மாக்டபுர்க் நகரில் கலவரமே வெடித்தது.

போர்ச் செலவு எண்ணெய் ஊற்றியது, சரி. ஆனால் 1618க்கு முன்பே தாலரின் விலை ஏறிக்கொண்டுதான் இருந்தது. அரசர்களை நிறுத்தியது மனசாட்சி இல்லை, ஜனங்கள் அதே குப்பைக் காசில் வரி கட்டத் தொடங்கியதுதான். 1623 வாக்கில் பல இடங்களில் தாலரை 90 குரொய்ட்சருக்குக் கட்டிப்போட்டார்கள்.